கூடாரத்தைச் சுமந்தவர்கள்: ‘பழைய முறை’ முகாம் குறித்துச் சில குறிப்புகள்

‘ஐயா கேம்ப் போயிருக்காரு.’ தாலுகா ஆபீஸ் வாசலில் மனுவோடு நிற்கிறவருக்கு இன்றைக்கும் கிடைக்கிற பதில் இது. ஐயா கூடாரம் எதிலும் தங்கப்போவதில்லை. ஜீப்பில் போய்ச் சாயங்காலம் வீடு திரும்பிவிடுவார். ஆனாலும் சொல் நிற்கிறது. மாவட்ட ஆட்சியர் குடியிருக்கிற பங்களாவுக்கும் ‘முகாம் அலுவலகம்’ என்றுதான் பெயர். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டின கெட்டிக் கட்டிடத்தைக் கூடாரமாகவே பாவித்துக்கொண்டிருக்கும் இந்த வழக்கில், அதிகாரம் ஒரு காலத்தில் எப்படி நடமாடியது என்பதன் தடம் உறைந்துபோய்க் கிடக்கிறது. அரசு என்பது அன்று வந்து இறங்குகிற ஒன்று. வந்து, கூடாரம் அடித்து, சமைத்துச் சாப்பிட்டு, கணக்குப் பார்த்து, மறுநாளோ மறுவாரமோ அடுத்த ஊருக்குப் பெயர்கிற ஒன்று.

வெட்டவெளியில் ராத்தங்குவதற்குத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. பாசறை, கூடாரம், முகாம், டேரா, கேம்ப். முகாம் அரபியிலிருந்து பாரசீகம், உருது வழியாக வந்தது. டேரா வடக்கேயிருந்து வந்தது. கேம்ப் வெள்ளைக்காரன் கொடுத்தது. ஒவ்வொரு ஆட்சியும் தன் கூடாரத்தோடு தன் சொல்லையும் இங்கே இறக்கிவைத்துவிட்டுப் போயிருக்கிறது என்று சொல்லலாம். கவனிக்கவேண்டியது, இவை எல்லாமே மேலிருந்து வந்த சொற்கள். கீழே இருந்தவர்கள் வெட்டவெளியில் ராத்தங்கியதற்குத் தனியாகச் சொற்கள் உண்டு: கிடை, தாவளம், பட்டி. இவற்றை யாரும் ‘கேம்ப்’ என்று சொல்வதில்லை. ஆட்டுக்கிடையில் படுத்திருக்கிற கீதாரி ‘கேம்ப் போயிருக்காரு’ என்று சொன்னால் நமக்குச் சிரிப்பு வருகிறதல்லவா, அந்தச் சிரிப்பைத்தான் இங்கே கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

விசாரிக்கக் காரணம் உண்டு. மலைப் பிரதேசங்களில் இப்போது ‘பழைய முறை’யில் ஒரு ராத்திரி என்பது ஒரு பண்டமாகிவிட்டது. நைலான் கூடாரம் வேண்டாம், கித்தான் கூடாரம் வேண்டும். கேஸ் அடுப்பு வேண்டாம், விறகடுப்பு வேண்டும். வார்ப்பிரும்புச் சட்டி, எனாமல் குவளை, அரிக்கேன் விளக்கு, கம்பளி, தீ மூட்டச் சிக்கிமுக்கிக்கல். மேலைநாடுகளில் இதற்கென்று மன்றங்கள், கையேடுகள், பழைய சாமான்களை அப்படியே மறுபடி செய்து விற்கிற கம்பெனிகள் எல்லாம் வந்து பல காலமாகிறது. நவீனத்தின் இரைச்சலிலிருந்து விடுபட்டு முன்னோர் வாழ்ந்தபடி ஒரு ராத்திரி வாழ்ந்து பார்ப்பது என்பது அங்கே சொல்லப்படுகிற நியாயம். எனக்கு அந்த ஆசையின் மேல் விரோதம் ஒன்றுமில்லை. விறகு நெருப்பில் சுட்ட மீனுக்கு ருசி உண்டு, யார் இல்லை என்றது? கேள்வி வேறு. அந்த ‘முன்னோர்’ யார்? கித்தான் கூடாரம் என்பது லேசான சங்கதி அல்ல. மழையில் நனைந்தால் இரண்டு பங்கு கனக்கும். வார்ப்பிரும்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு மலை ஏறிப்பாருங்கள். இந்தச் சாமான்கள் இத்தனை கனமாக இருக்க முடிந்ததற்கு ஒரே காரணம்தான்: அதில் சமைத்ததைச் சாப்பிட்டவர் அதைச் சுமக்கவில்லை. கனம் என்பது அந்தச் சாமான்களுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிற சமூக வரலாறு.

முல்லைப்பாட்டை எடுத்துக்கொள்வோம். நப்பூதனார் 103 அடியில் பாடியிருக்கிற இந்தப் பாட்டை நமக்குக் கல்லூரியில் தலைவியின் ஆற்றியிருத்தலுக்கு உதாரணமாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் பாட்டின் பெரும் பகுதி பாசறை. காட்டை வெட்டி வெளியாக்கி, முள்வேலி கட்டி, படை தங்குகிறது. யானைக்குத் தீனி ஊட்டப் பாகர்கள் நிற்கிறார்கள். அரசனின் கூடாரத்தை அமைத்துக் காக்க யவனர், உள்ளே வாய்பேசாத மிலேச்சர், இடுப்பில் வாள் கட்டிக்கொண்டு விளக்கேற்றுகிற பெண்கள், நாழிகை பார்த்துச் சொல்ல ஆட்கள். அரசன் செய்கிற வேலை தூக்கம் வராமல் யோசித்துக்கொண்டிருப்பது மட்டும். உரையாசிரியர்களும் பேராசிரியர்களும் அவனுடைய தூக்கமின்மையைத்தான் நூற்றாண்டுகளாக விளக்கிக்கொண்டிருக்கிறார்கள். விளக்குக்கு எண்ணெய் விடுகிற பெண் எப்போது தூங்கினாள் என்பது உரைக்கு வெளியே இருக்கிறது.

முகலாயர் காலத்தில் இது எண்ணிக்கையாகவே கிடைக்கிறது. அக்பரின் ஒரு முகாமைப் பெயர்த்துக்கொண்டு போக 100 யானை, 500 ஒட்டகம், 400 வண்டி, 100 சுமைதூக்கிகள் தேவைப்பட்டதாக அபுல் ஃபசல் அயினி அக்பரியில் கணக்கு எழுதிவைத்திருக்கிறார். கூடாரம் அடிக்கிற ஃபராஷ்கள் 1,000 பேர், முன்னே போய் வழியும் இடமும் சீர்செய்கிறவர்கள் 500, தண்ணீர் சுமப்பவர் 100, தோல் வேலை செய்பவர் 30, துப்புரவுக்கு 150. முகாமை ஒரு நடமாடும் நகரம் என்று வரலாற்றாசிரியர்கள் வியப்பார்கள். நகரம் என்றால் சேரியும் கூடவே நடந்து வந்திருக்கிறது, அந்த 150 பேரும் 30 பேரும் எங்கே கூடாரம் அடித்தார்கள் என்று வியந்தவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. ஔரங்கசீப் 1664 கடைசியில் டில்லியிலிருந்து காஷ்மீருக்குப் புறப்பட்டபோது கூடவே போன பிரெஞ்சு வைத்தியர் பெர்னியர், பேஷ்கானா என்ற ஏற்பாட்டை விவரிக்கிறார். பாதுஷாவுக்கு எல்லாமே இரண்டு செட். ஒன்றில் அவர் தூங்கிக்கொண்டிருக்கும்போது இன்னொன்று அடுத்த தங்கலுக்கு முன்கூட்டியே போய்விடும். அவர் போய்ச் சேரும்போது கூடாரம் நிற்கும். பயணம் செய்கிறோம் என்ற உணர்ச்சியே வராதபடி பயணம் செய்வதுதான் அரச முகாமின் லட்சணம்.

கம்பெனிக்காரர்கள் இதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கவர்னர் ஜெனரல் ஆக்லண்டு 1837இல் கல்கத்தாவிலிருந்து வடக்கே புறப்பட்டபோது கூடவே போன அவர் தங்கை எமிலி ஈடன் எழுதின கடிதங்கள் பின்னால் புத்தகமாக வந்தன. முகாமில் சுமார் 12,000 பேர், 850 ஒட்டகம், 140 யானை. 1838 தொடக்கத்தில் கான்பூர்ப் பக்கம் போகும்போது அங்கே கடும் பஞ்சம். எலும்பும் தோலுமாக வந்து நின்ற குழந்தைகளைப் பற்றி ஈடன் மனம் கசிந்துதான் எழுதுகிறார். சிலருக்குச் சோறும் போடுகிறார். ஆனால் பஞ்சம் பிடித்த பூமியில் 12,000 வாய்களும் அத்தனை மிருகங்களும் நாளுக்கு ஓர் ஊராக இறங்கித் தின்றுகொண்டு போவது பஞ்சத்துக்கு என்ன செய்யும்? பரிவும் பந்தியும் ஒரே கூடாரத்தில் இருந்தன.

நம் பக்கத்துக் கதை இவ்வளவு ஆடம்பரம் இல்லாதது. அதனாலேயே ஆழமானது. 1792இல் பாராமகால் கம்பெனி கைக்கு வந்ததும் அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் ஊர் ஊராகப் போய் நிலத்தை அளந்து தீர்வை போட்டார்கள். 1799 வரை சேலம், தருமபுரிப் பக்கம் இந்த வேலை நடந்தது. இதிலிருந்துதான் ரயத்வாரி உருவானது. ஜமீன்தார் என்ற இடைத்தரகர் இல்லாமல் ஒவ்வொரு குடியோடும் சர்க்கார் நேரடியாகக் கணக்குத் தீர்க்கிற முறை என்பதால், வருஷா வருஷம் சர்க்கார் நேரில் வந்தாக வேண்டும். அதுதான் ஜமாபந்தி. ஆக, சென்னை ராஜதானியில் முகாம் என்பது ராணுவ விஷயமாகவோ வேட்டைப் பொழுதுபோக்காகவோ நின்றுவிடவில்லை. வரி எந்திரத்தின் உறுப்பாகவே ஆகிவிட்டது. மன்றோ 1827இல் கவர்னராகச் சுற்றுப்பயணத்தில் இருக்கும்போதே பத்திகொண்டாவில் காலரா கண்டு இறந்துபோனார். அவர் கூடாரத்தைச் சுற்றி இருந்தவர்களில் அதே காலராவில் போனவர்களுக்குச் சிலை கிடையாது என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

துரை முகாம் இறங்குகிறார் என்றால் ஊரில் என்ன நடக்கும்? தோப்பு ஒன்றைச் சுத்தம் செய்யவேண்டும். முளை அடிக்க வேண்டும். விறகு வெட்டிக் கொண்டுவர வேண்டும். குதிரைக்குப் புல், துரைக்குக் கோழி, முட்டை, பால். தண்ணீர் எடுக்க வேண்டும், ராத்திரி தீவட்டி பிடிக்க வேண்டும், காவல் இருக்க வேண்டும். கிளம்புகிற அன்று சாமான்களை அடுத்த ஊர் எல்லை வரைக்கும் சுமந்து கொண்டுபோய் விடவேண்டும். ஊர்ப் பணியாளர்களில் தலையாரியின் தலையிலும் வெட்டியானின் தலையிலும்தான் இதெல்லாம் விடிந்தது. வெட்டி என்ற சொல்லைக் கவனியுங்கள். சோழர் கல்வெட்டுகளில் அடிக்கடி வருகிற சொல் அது. ஊரார் செய்துதீர வேண்டிய கூலியில்லா உழைப்பு என்பது பொருள். அந்தச் சொல் இன்று என்ன ஆகியிருக்கிறது பாருங்கள். ‘வெட்டி வேலை’ என்றால் பிரயோசனமில்லாத வேலை. ‘வெட்டிப்பய’ என்றால் வேலையே செய்யாதவன். கூலி கொடுக்காமல் உழைப்பை வாங்கினவர்கள் மொழியில், அந்த உழைப்பே உழைப்பில்லை என்று ஆகி, கடைசியில் உழைத்தவனே சோம்பேறியாகிவிட்டான். சொல்லாடலின் அதிகாரம் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோமே, அதற்கு இந்த ஒரு சொல் போதாதா?

சமையலுக்கு வருவோம். ‘பழைய முறை’ ஆர்வலர்களுக்கு மிகவும் பிடித்தது அதுதானே. 1878இல் சென்னையில் ஒரு சமையல் புத்தகம் வந்தது. எழுதியவர் கென்னி ஹெர்பர்ட் என்கிற ராணுவ அதிகாரி, ‘வைவெர்ன்’ என்ற புனைபெயரில். அதில் முகாம் சமையலுக்கும் தனியே இடம் உண்டு. ஆண்டு முழுக்க டின்னில் அடைத்த சாப்பாட்டை நம்பாமல் உள்ளூரில் கிடைப்பதை ஒழுங்காகச் சமைக்கச் சொல்லித்தந்த, நல்ல ருசி தெரிந்த மனுஷர். அவர் புத்தகத்தில் சமையல்காரர் எப்போதும் ‘ராமசாமி’தான். அது ஒரு ஆளின் பெயர் அல்ல. சென்னைப் பட்டணத்துச் சமையல்காரர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே பெயர். ராமசாமி புத்திசாலி, ராமசாமிக்குச் சுத்தம் போதாது, ராமசாமியைக் கண்காணிக்க வேண்டும் என்று போகிறது. இதில் ஒரு விநோதம் இருக்கிறது. நாலு கல்லை வைத்து, காற்றுக்கு மண் அணைத்து, ஈர விறகை ஊதி எரியவைத்து, நடுக்காட்டில் சூப்பும் வறுவலும் புட்டிங்கும் வரிசையாகக் கொண்டுவந்து வைத்தவர் அந்த ராமசாமி. அந்தத் திறமை புத்தகத்தில் குறிப்பு எழுதினவரின் பெயரில் சேர்ந்துவிட்டது. இன்று ‘திறந்தவெளிச் சமையல் கலை’ என்று விற்கப்படுவதின் வேர்களில் ஒன்று அந்தப் பெயர் இழந்த ஆட்களின் கையில் இருக்கிறது. மிளகுத்தண்ணி ‘முல்லிகடானி’ ஆன கதை எல்லோருக்கும் தெரியும். தண்ணியை யார் காய்ச்சினார்கள் என்பதுதான் தெரியாது.

சுமந்தவர்கள் ஒரு நாள் ‘மாட்டோம்’ என்று சொன்னால் என்ன ஆகும்? குமாவுன் மலையில் அது நடந்தது. ஜிம் கார்பெட்டின் புலிக்கதைகள் வழியாகத் தமிழ் வாசகர்களுக்குக் குமாவுன் பரிச்சயம்தான். அந்தக் கதைகளில் கூடாரம் வரும், தேநீர் வரும், சாமான் சுமக்கிற ஆட்கள் வருவார்கள். கார்பெட் அந்த மனிதர்களைப் பிரியத்தோடு எழுதியவர் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த மலையில் சுமை தூக்குவதற்கு ஒரு சட்டகம் இருந்தது. கூலி உதார், கூலி பேகார், கூலி பர்தாயஷ் என்று மூன்று பெயரில். சுற்றுப்பயணம் வருகிற அதிகாரியின் சாமானைப் பெயருக்கு ஒரு காசு வாங்கிக்கொண்டு சுமப்பது ஒன்று, ஒன்றுமே வாங்காமல் சுமப்பது இன்னொன்று, முகாமுக்குப் பால், நெய், விறகு, புல், பாத்திரம் எல்லாம் கொண்டுவந்து கொடுப்பது மூன்றாவது. நம்முடைய ‘கூலி’ என்ற சொல்லுக்கு உழைப்புக்குக் கொடுக்கிற ஊதியம் என்று பொருள். அங்கே கூலி பேகார் என்றால் ஊதியமே இல்லாத உழைப்பு. ஒரு சொல் இமயமலை ஏறுவதற்குள் தன் அர்த்தத்தையே வழியில் தொலைத்துவிட்டுப் போயிருக்கிறது! கூர்க்காக்கள் காலத்திலேயே இருந்த வழக்கத்தை 1815இல் மலையைப் பிடித்த ஆங்கிலேயர்கள் பதிவேடு போட்டு முறைப்படுத்தினார்கள். யார் வீட்டு முறை, எத்தனை சுமை, எல்லாம் ஊர்த்தலைவரிடம் இருந்த பதிவேட்டில் இருக்கும். விதைப்பு நாளா அறுப்பு நாளா என்று பார்க்க முடியாது. துரை வந்தால் போகவேண்டும்.

1916இல் குமாவுன் பரிஷத் தொடங்கியபின் எதிர்ப்பு திரண்டது. 1921 ஜனவரி 14, பாகேஸ்வரில் உத்தராயணத் திருவிழா. நமக்கு அது பொங்கல். சரயுவும் கோமதியும் கூடுகிற இடத்தில் திரண்ட கூட்டம் பல்லாயிரம். பத்ரி தத் பாண்டே உள்ளிட்டவர்கள் பேசினார்கள். அங்கேயே ஊர்த்தலைவர்கள் தங்கள் கூலிப் பதிவேடுகளைக் கொண்டுவந்து சரயு ஆற்றில் எறிந்தார்கள். சமவெளியில் எத்தனையோ போராட்டம் பேச்சோடு நின்றிருக்க, இங்கே தாள் தண்ணீரில் போனதும் சட்டகம் நொறுங்கியது. சீக்கிரமே சர்க்கார் அந்த முறையைக் கைவிட வேண்டிவந்தது. ராமச்சந்திர குஹா 1989இல் வெளியிட்ட புத்தகத்தில் இந்த எதிர்ப்பையும் அதே மலையில் 1973இல் தொடங்கிய சிப்கோவையும் ஒரே சரட்டில் வைத்துப் பார்க்கிறார். அதோடு எனக்கு உடன்பாடு உண்டு. ஒன்றைமட்டும் கூடுதலாகச் சேர்க்கத் தோன்றுகிறது. குமாவுனில் அந்தப் பதிவேட்டில் இருந்தவர்கள் நிலம் வைத்திருந்த குடிகள், மேல்சாதிக்காரர்கள் உட்பட. தன் தலையில் ஏறிய சுமையை அவமானம் என்று அவர்களால் உடனே உணர முடிந்தது. அவர்களுக்குப் பரிஷத் இருந்தது, பத்திரிகை இருந்தது. நம் வெட்டியானுக்கு அந்தச் சுமை பிறப்போடு வந்தது என்று ஊரே நம்பியது. அவர் சுமந்ததற்குப் பதிவேடுகூட வேண்டியிருக்கவில்லை. பதிவேடு இல்லாத சுமையை எந்த ஆற்றில் கொண்டுபோய்ப் போடுவது?

அதே 1921இல் பேடன் பவல் இந்தியா வந்தார், சென்னைக்கும் வந்தார். சாரணர் இயக்கத்தைத் தொடங்கியவர். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரௌன்சீ தீவில் பணக்காரப் பள்ளிப் பையன்களும் உழைப்பாளி வீட்டுப் பையன்களுமாகச் சுமார் இருபது பேரை வைத்து ஒரு முகாம் நடத்தி, அடுத்த ஆண்டு அதைப் புத்தகமாக்கினார். காலனியப் போர்களில், ஆப்பிரிக்காவில், இந்திய எல்லைப்புறத்தில் கற்றுக்கொண்ட தடம் பார்த்தல், தீ மூட்டல், வெட்டவெளிச் சமையல் எல்லாம் அதில் நல்ல குடிமகனுக்குரிய பயிற்சியாக மாறுகின்றன. இந்தியாவில் முதலில் அது வெள்ளைக்கார, ஆங்கிலோ இந்தியப் பையன்களுக்கு மட்டும். 1917 வாக்கில் அன்னி பெசன்டும் அருண்டேலும் சென்னையில் இந்தியப் பையன்களுக்கென்று தனிச் சாரணர் சங்கம் ஏற்படுத்தினார்கள். (தமிழில் சாரணர் என்றால் ஒற்றர். காப்பியங்களில் வானத்தில் உலவுகிற சமண முனிவர்களும் சாரணர்தான். காக்கி டவுசருக்கு அந்தப் பெயர் எப்படிப் பொருந்தியதோ!) கேலி கிடக்கட்டும். இங்கே நடந்த மாற்றம் முக்கியமானது. அதுவரை துரையின் முகாமில் வேலையாள் செய்துகொண்டிருந்த வேலைகள், அதாவது முளை அடிப்பது, விறகு பொறுக்குவது, பானை கழுவுவது, சுமை தூக்குவது, எல்லாம் இப்போது துரையின் மகன் செய்து பதக்கம் வாங்குகிற திறன்களாகிவிட்டன. இன்றைய ‘பழைய முறை’ முகாம்கள் நேரடியாக இந்தப் பரம்பரை. ஒருவர் விருப்பப்பட்டு ஒரு ராத்திரி செய்தால் அது கலை. அதையே ஒருவர் தினமும், வேறு வழியில்லாமல் செய்தால் அதற்கு வேறு பெயர். இந்தப் பெயர் மாற்றம்தான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் இன்றைய ஆர்வலர்கள் ஞானகுருவாகக் கொண்டாடுகிற ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ் ஒரு செருப்புத் தைக்கிற தொழிலாளி. சின்ன வயதில் பஞ்சாலையில் வேலைக்குப் போனவர். குள்ளமான, நோஞ்சான் உடம்பு. அங்கே அடிராண்டாக் காடுகளுக்குப் போகிற கனவான்கள் வழிகாட்டியைக் கூலிக்கு வைத்துப் படகையும் சாமானையும் அவர் தலையில் ஏற்றுவார்கள். சியர்சுக்கு அந்தக் காசு கிடையாது. எனவே தானே தூக்குகிற மாதிரி ஐந்து கிலோவுக்கும் குறைவான ஒரு படகைச் செய்யச்சொல்லி 1883இல் அந்த ஏரிகளைத் தனியாகவே சுற்றினார். மறு ஆண்டு வந்த அவருடைய புத்தகம், சாமானைக் குறை என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லும். தன் சுமையைத் தானே சுமந்தவன் எழுதினதால் வந்த லேசு அது. ஆனால் அவர் எழுதின ‘நெஸ்முக்’ என்ற பெயர், சிறுவயதில் தனக்குக் காட்டைக் காட்டிக்கொடுத்த ஒரு நராகன்செட் பூர்வகுடி மனிதருடையது. அந்த நராகன்செட் மக்களை, இனி அப்படி ஒரு இனமே இல்லை என்று ரோட் ஐலண்டு மாநிலம் 1880இல் சட்டம் செய்து கலைத்தது. பெயர் புத்தக அட்டைக்கு வந்தபோது இனம் அரசாங்கக் காகிதத்திலிருந்து போய்விட்டிருந்தது. 1983இல்தான் மத்திய அரசு அவர்களைத் திரும்ப அங்கீகரித்தது.

இந்த அழிப்புக்கு நம் ஊர் உருவம் ஒன்று உண்டு. கலெக்டரின் கித்தான் கூடாரம் தோப்பில் நின்ற அதே காலத்தில், அதே ஊரின் புறம்போக்கில் இன்னொரு கூடாரமும் நின்றது. நாலு மூங்கில் வளையம், மேலே பனையோலைப் பாய், பக்கத்தில் கழுதைகள், மூன்று கல் அடுப்பு. குறவர்கள் கடற்கரையிலிருந்து உப்பை உள்நாட்டுக்குக் கொண்டுவந்து தானியத்துக்கு மாற்றிக்கொண்டு போனவர்கள். வண்டிப்பாதை இல்லாத ஊருக்கெல்லாம் அவர்கள் கழுதைதான் உப்பைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1856இல் ராயபுரத்திலிருந்து ரயில் புறப்பட்டது, உப்பு ரயிலேறியது. சர்க்காரின் உப்புக் கட்டுப்பாடு இன்னொரு பக்கம் நெருக்கியது. 1882 சென்னை வனச் சட்டம் மேய்ச்சலையும் மூங்கில் வெட்டுவதையும் கட்டுப்படுத்தியது. மீனா ராதாகிருஷ்ணாவின் 2001ஆம் ஆண்டு ஆய்வு, வாணிபம் செய்த ஒரு சமூகம் படிப்படியாகப் ‘பிறவிக் குற்றவாளி’ ஆக்கப்பட்டதை ஆவணங்களோடு காட்டுகிறது. 1871இல் வடக்கே வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை ராஜதானிக்கும் வந்தது. பெயர் பதிவு, கைரேகை, ஆஜர், ஊர் விட்டு ஊர் போக அனுமதிச் சீட்டு. 1913இல் குண்டூர்ப் பக்கம் ஸ்டூவர்ட்புரத்தில் குடியமர்த்தி இரட்சணிய சேனையிடம் ஒப்படைத்தார்கள். நிலையாக ஓரிடத்தில் இல்லாமல் இருப்பதே அவர்கள் மேல் வைத்த முதல் குற்றச்சாட்டு. வருஷத்தில் பல மாதம் கூடாரத்தில் இருந்துகொண்டே ஊர் ஊராகச் சுற்றின அதிகாரிகள்தான் அந்தக் குற்றச்சாட்டில் கையெழுத்துப் போட்டார்கள். அதில் முரண் இருப்பதாக அவர்கள் யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

அலையாத, நிலம் உழுத பிறமலைக் கள்ளர்கள் மேலும் இந்தச் சட்டம் பாய்ந்தது. அவர்களுக்கு ‘ராத்திரிச் சீட்டு’ வந்தது. ராத்திரி வெளியூரில் தங்க வேண்டுமென்றால் சீட்டு வாங்கவேண்டும். இல்லையென்றால் சொன்ன இடத்தில் ஆஜராகி அங்கேயே படுக்கவேண்டும். பெண்டாட்டி பிள்ளைகள் வீட்டில், ஆம்பிளை சாவடியில். வானத்தைப் பார்த்துப் படுப்பது என்ற, இன்று காசு கொடுத்து வாங்கப்படுகிற அனுபவம் ஒரு முழுச் சமூகத்துக்குத் தண்டனையாக விதிக்கப்பட்டிருந்த காலம் அது. கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். சென்னையில் 1947இலும் நாடு முழுக்க 1952இலும் சட்டம் ஒழிந்தது.

இன்னும் ராத்திரியை வெட்டவெளியில் கழிக்கிறவர்கள் இருக்கிறார்கள். தஞ்சைப் பக்கம் அறுப்பு முடிந்ததும் ராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆட்டை ஓட்டிக்கொண்டு வருவார்கள். வயலில் ராத்திரி கிடை போடுவது ஆட்டுக்குத் தங்கல், நிலத்துக்கு எரு. நிலக்காரர் முன்பு நெல்லாகக் கொடுத்தார், இப்போது பணமாகக் கொடுக்கிறார். கீதாரியின் சாமான் என்ன? தோளில் கம்பளி, கையில் தொரட்டி, ஒரு தூக்குவாளி, சோறாக்கப் பானை ஒன்று, குட்டிகளை அடைக்கக் கூடு, கிடையைச் சுற்றி வலை, கூடவே நாய். ராத்திரிக்கு ஒரு உலை. மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலைக்கு. தன் சாமானைத் தானே தூக்குகிறவர் என்பதால் அதில் வேண்டாதது ஒன்றுகூட இருக்காது. சியர்ஸ் புத்தகம் எழுதிச் சொன்னதை இவர்கள் எழுதாமல் செய்துகொண்டிருக்கிறார்கள். கி.ராஜநாராயணனின் ‘கிடை’யும் சு.தமிழ்ச்செல்வியின் ‘கீதாரி’யும் வந்திருக்காவிட்டால் நம் இலக்கியத்தில் இந்த ராத்திரிகளுக்கு இடமே இருந்திருக்காது. ‘கீதாரி’ 2003இல் வந்தது. கிடையில் பெண்ணின் ராத்திரி ஆணின் ராத்திரியிலிருந்து எவ்வளவு வேறானது என்று அதன் வழியாகத்தான் எனக்கு உறைத்தது. வானமும் நட்சத்திரமும் பாதுகாப்பு இருக்கிறவனுக்குத்தான் அழகு.

அகநானூற்றில் உப்பு வணிகர்களான உமணர்கள் பாலை வழியில் சமைத்துவிட்டுப் போன கல்லடுப்புகள் வருகின்றன. அவர்கள் போனபின் வழிப்பறி செய்கிற மழவர்கள் அதே கல்லில் ஊனைப் புழுக்கித் தின்கிறார்கள். உப்புக்காரனும் கள்வனும் அங்கே வெவ்வேறு ஆட்கள்; ஒரே அடுப்பில் முன்பின்னாகச் சமைத்தவர்கள், அவ்வளவுதான். உப்புக்காரனையே கள்வனாக எழுதிக்கொள்ள 1911 வரை வரவேண்டியிருந்தது.

சட்டம் ஒழிந்தது என்று மேலே எழுதினேன். சென்னையில் ஒழித்த மறு ஆண்டே, 1948இல், வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்த என்று இன்னொரு சட்டம் வந்தது. சிறை விதிகளில் சாதி பார்த்து வேலை பிரிப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 3 அன்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் எடுத்துவைக்கப்பட்ட மேற்கு வங்கச் சிறை விதிகளில் ஒன்று, கைதிகளிலிருந்து மேற்பார்வையாளரைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றியது. தப்பியோடுவதை இயல்பாகக் கொண்ட வகுப்பினரை அதற்கு எடுக்கக்கூடாது என்று சொல்லி, அதற்கு உதாரணமாக அலைந்து திரியும் இனத்தவரைக் காட்டியிருந்தது அந்த விதி. 2024 வரை அது ஏட்டில் இருந்தது.